பழைய சவரக் கத்திகள்: ஒன்று தேறியது, ஒன்று ஊறுகிறது, ஒன்று ஒதுங்கியது

மேசையில் மூன்று பழைய மடக்குச் சவரக் கத்திகள் கிடக்கின்றன. ஒன்று ஜெர்மனியின் ஸோலிங்கனில் செய்தது, இன்னொன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. மூன்றாவதன் முத்திரை தேய்ந்துபோய் ஊர் பேர் தெரியவில்லை. ஸோலிங்கன் கத்தியில் இப்போது ஒழுங்காகச் சவரம் ஓடுகிறது. மற்ற இரண்டும் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

வாங்கும்போது நான் கூர் பார்ப்பதே இல்லை. மழுங்கிய கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம். துரு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மேலாகப் படிந்த செந்துரு தேய்த்தால் போய்விடும், கருமையாகப் படிந்த பூச்சு வெறும் வயசு. கத்தி வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, ஒட்டித் துருக் குழிகள் இருந்தால்தான் ஆபத்து. தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிக்குள் இறங்கும், அங்கே பல் விழும், அது கன்னத்தைக் கீறும். அலகின் முதுகுப் பக்கம் நாலு குழி இருந்தால் எனக்குக் கவலையில்லை.

அடுத்தது முதுகு. சவரக் கத்தியைக் கல்லில் படுக்கப் போட்டுத்தான் தீட்டுவார்கள். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். கோணத்தைத் தீர்மானிப்பதே முதுகின் தடிமன்தான். ஒரு பக்கம் மட்டும் முதுகு தட்டையாகத் தேய்ந்திருந்தால், முன்பு வைத்திருந்தவர் சாய்த்துத் தீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். வாய் நடுவில் உள்வாங்கியிருந்தாலும் வேண்டாம். லேசாக வெளியே வளைந்திருந்தால் பரவாயில்லை. விரிசலுக்குப் பஞ்சுதான் சோதனை: முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் தடவினால், விரிசலோ பல்லோ இருக்கும் இடத்தில் இழை மாட்டிக்கொள்ளும். விரிசல் விட்ட கத்தி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் காட்சிப் பொருள்தான்.

கண்ணாடி போல மின்னும் பழைய கத்தி என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பாலிஷ் சக்கரத்தில் வேகமாகக் கொடுத்தால் மெல்லிய வாய் சூடேறி எஃகின் பதமே போய்விடலாம், எழுத்தும் மழுங்கும். அழுக்காக, முழுசாக இருப்பதே மேல்.

அலகு கைப்பிடியோடு சேரும் கழுத்தில் உள்ள முத்திரையிலிருந்து வயசையும் ஓரளவு சொல்லலாம். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டுச் சரக்கு என்று குறிக்கச் சொன்னது. அதனால் ஊர்ப் பெயரோடு நாட்டின் பெயரும் இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

சரி, சுத்தம் செய்யும் கதைக்கு வருவோம். எல்லோரும் கத்தி வாயைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தீட்டும்போது வாயில் இருந்த பழைய உலோகம் போய்ப் புது எஃகுதான் மிஞ்சுகிறது. உண்மையான அழுக்குக் கூடு, ஆணி அடித்த மூட்டும் கைப்பிடியின் இரண்டு ஓடுகளுக்கு இடைப்பட்ட சந்தும்தான். ஸோலிங்கன் கத்தியின் சந்தில் பஞ்சு சுற்றிய கம்பியை விட்டு இழுத்தேன். பழுப்பும் சாம்பலுமாக ஒரு பசை வந்தது. காய்ந்த சோப்பு, தோல் துகள், முடித்தூள், ரத்தமும் இருந்திருக்கலாம். ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். பல வருஷம் பெட்டியில் கிடந்த கத்தி என்றால் அந்தப் பயம் குறைவு, ஆனால் நேற்றுவரை யார் கையில் இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?

முதலில் கழுவ வேண்டும், அப்புறம்தான் கிருமிநாசினி. அழுக்கின்மேல் ஊற்றினால் மருந்து கீழே இறங்காது. பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கி, மூட்டுக்குள் நுழைக்க ஒரு நூல் போதும். பஞ்சு வெள்ளையாக வெளியே வரும்வரை விடவில்லை. துடைத்து உலர்த்தியபின் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். அதிக சதவீதம் இன்னும் நல்லது என்று தோன்றும். ஆனால் கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும், சுத்த ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகியும் போகிறது. அலகு முழுக்கத் தடவி, மூட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுத் திறந்து மூடினேன். பக்கத்தில் நெருப்பு கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சலூன்களில் வைத்திருக்கும் பார்பிசைடு என்ற கிருமிநாசினி கிடைத்தால் அதுவும் சரி: லேபிளில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து 10 நிமிஷம், அதற்குமேல் ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது.

ப்ளீச் பக்கமே போகாதீர்கள், கார்பன் எஃகைக் குழி குழியாக அரித்துவிடும். கொதிக்க வைத்தாலோ குக்கரில் ஏற்றினாலோ எஃகின் பதம் கெடாது, 121 டிகிரி செல்சியஸ் அதற்குப் போதாது. ஆனால் கொம்புக் கைப்பிடி முறுக்கிக்கொள்ளும், மூட்டுக்குள் ஈரம் தங்கித் துரு ஏறும். புற ஊதா விளக்குப் பெட்டி, வெளிச்சம் படும் இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். நமக்கு வேண்டிய சந்தோ இருட்டில் இருக்கிறது.

தீட்டுவதற்கு 1000, 4000, 8000, 12000 என்று கற்கள் மாறின; எண் ஏற ஏறக் கல் நைசாகும். கல்லில் வந்த குழம்பு சந்தில் ஏறியிருக்கும் என்பதால், முடித்ததும் மறுபடி ஒருமுறை கழுவி ஆல்கஹால். அதற்குப் பிறகுதான், கூரைச் சீராக்கக் கத்தியை இழுத்துத் தேய்க்கும் தோல் வார். வார் மட்டும் புதிதாக வாங்குங்கள். தோலுக்குள் ஊறிப்போனதைக் கழுவி எடுக்க வழியில்லை.

பேர் தெரியாத மூன்றாவது கத்தி வேறு மாதிரிப் படுத்துகிறது. கைப்பிடி செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். மூடியிருக்கும்போது கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு, திறந்தால் மூக்கில் ஏறும் காட்டமான வாடை. பழைய செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரிக் அமிலம் ஆகும் வாயுக்களை விடுகிறது. எத்தனை முறை தேய்த்தாலும் துரு திரும்பி வரும். மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைத்தால் அவற்றையும் துரு பிடித்துக்கொள்ளும், செல்லுலாய்டில் எளிதில் தீயும் பற்றும். அலகில் வாய்ப் பக்கம் தெளிவாக இருப்பதால் தூக்கிப் போட மனசில்லை. ஆணியைத் துளைத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, மரத்தில் புதியது போட வேண்டும்.

ஷெஃபீல்டு கத்தியின் மூட்டு இறுகிக் கிடப்பதால் எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன். அசைந்து கொடுத்ததும் சந்துக்குள் கம்பி போகும், அப்புறம் மேலே சொன்ன அதே வரிசை. முதுகு இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்கிறது, அதனால் தீட்டும்போது முதுகில் ஒரு சுற்று டேப் ஒட்டி, இருக்கிற உலோகத்தைக் காப்பாற்றலாம் என்று இருக்கிறேன்.