மழை மாதத்து உப்பளவுக்கு யார் பணம் தருவார்கள்?

பழவேற்காடு ஏரியில் மாதாமாதம் தண்ணீர் எடுத்து, உப்பளவும் கரைந்த ஆக்சிஜனும் பார்க்கும் ஒரு சிறிய ஆய்வு மையத்தில் நான் கணக்கு பார்க்கிறேன். அறக்கட்டளையாகப் பதிவு செய்த இடம். மானியத்திலும் நன்கொடையிலும்தான் ஓடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரிப் பணம் இல்லை.

அரசு மானியம் பெரிய தொகை. சம்பளம், கருவி, ரசாயனம், பயணம் என்று தலைப்பு வாரியாக வரும். ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு நாமாக மாற்ற முடியாது. ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் கையெழுத்திட்ட செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போனால்தான் அடுத்த தவணை. வங்கியில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

அதில் எங்களுக்குப் பெரிய தலைவலி படகு வாடகை. மீனவர் அண்ணனிடம் ஜிஎஸ்டி பில் எங்கே இருக்கும்? வவுச்சரில் தேதி, எந்தெந்த இடத்துக்குப் போனோம், எத்தனை மணி நேரம் என்று எழுதி, அவர் கையெழுத்து வாங்குவோம். ஐயாயிரத்துக்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. கூடவே அன்றைய தண்ணீர் மாதிரிப் பதிவேட்டின் நகலையும் இணைத்த பிறகுதான் ஆடிட்டர் கேள்வி கேட்பதை நிறுத்தினார்.

தவணை தாமதமாவது சாதாரணம். ஆனால் ஏரி காத்திருக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் இறங்கி உப்பளவு சரியும் வாரங்களைத் தவறவிட்டால், அந்த ஆண்டுக்கான எண் போனது போனதுதான். அந்த இடைவெளியில் படகுக்கும் கள உதவியாளர் சம்பளத்துக்கும் கைகொடுப்பது நன்கொடை மட்டுமே.

நன்கொடை வாங்கவும் காகித வேலை உண்டு. மையத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி என்ற இரண்டு வருமான வரிப் பதிவுகளுக்கும் நாங்கள் விண்ணப்பித்தபோது முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைத்தது. அப்புறம் செயல்பாட்டு அறிக்கையும் கணக்குகளும் கொடுத்து ஐந்தாண்டுப் பதிவு வாங்கினோம். ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை. ஒவ்வொரு மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஐந்நூறு ரூபாய் யோசிக்காமல் அனுப்புகிறவர்கள் பான் எண் கேட்டால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். எதற்காகக் கேட்கிறோம் என்று போனில் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு இருந்தால் ஜனவரி, பிப்ரவரியில் அழைப்புகள் வரும். மரக்கன்று நடலாமா, பலகை வைக்கலாமா என்பார்கள். ஒரு நிறுவனம் நீர்த்தர மீட்டர் வாங்கிக் கொடுத்தது, பெரிய உதவி. ஆனால் அந்த மீட்டரைச் சரிபார்க்க மாதாமாதம் தேவைப்படும் கரைசலுக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

வெளிநாட்டுப் பணம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத தூரம். வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதிக்கும் எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவுக்கு மூன்று ஆண்டு அனுபவமும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். முன்பு பெரிய அமைப்புகள் தங்களுக்கு வந்ததில் ஒரு பகுதியைச் சிறிய மையங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. 2020 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. களத்தில் இதனால் நின்றுபோன வேலைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் இப்போது முழு மூச்சாக மாத நன்கொடையாளர்களைத் தேடுகிறோம். முந்நூறு ரூபாயானாலும் சரி, எந்தத் தலைப்பிலும் கட்டுப்படாத பணம் அது. கொடுப்பவர்களுக்கு ரசீதோடு அந்த மாத உப்பளவு அட்டவணையையும் அனுப்புகிறோம். போன மாதத்தைவிட ஏன் குறைந்தது என்று சிலர் போன் செய்து கேட்கிறார்கள்.