கத்ரியின் கமகம் சாக்ஸில் எங்கிருந்து வந்தது

வேலூர்ப் பக்கத்தில் கத்ரி கோபால்நாத் பெயரைச் சொன்னால் முதலில் 1994ல் வந்த 'டூயட்' படத்தில் அவர் வாசித்த சாக்ஸபோன்தான் நினைவுக்கு வரும். அதே வருஷம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி பிராம்ஸ் மேடையில், அதே சாக்ஸில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். அப்பா நாதஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைப் பார்த்துத்தான் மகனுக்கு அதன்மேல் ஆசை வந்தது. 2019 அக்டோபர் 11ல் மங்களூரில் மறைந்தார். கல்யாண ஊர்வலத்தில் சாக்ஸ் எடுக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் அவரை நினைத்துக்கொள்ள ஒரே வழி, அவர் செய்ததைச் செய்து பார்ப்பது.

நாதஸ்வரத்தில் துளை திறந்திருக்கும். விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். சாக்ஸில் ஒவ்வொரு துளைக்கும் மூடி; விரல் படுவது அந்த மூடியை இயக்கும் கீயின் மேல்தான். அதனால் கமகம், அதாவது ஸ்வரத்தை வழுக்கி அசைப்பது, உதட்டிலிருந்து வரவேண்டும். ஒரு விஷயத்தை மனசில் வைக்கணும்: உதட்டைத் தளர்த்தினால் ஸ்வரம் நன்றாக இறங்கும், இறுக்கினால் கொஞ்சம்தான் ஏறும். ஆகவே மேல் ஸ்வரத்துக்கு விரல் வைத்து, உதட்டால் கீழே இறக்கி, திரும்ப மேலே விடுங்கள். மேல் ஸ்தாயியில் அரை ஸ்வரம் இறங்குவது சுலபம், கீழே போகப் போகக் கஷ்டம். ஜாஸ்காரர்கள் கீழிருந்து ஸ்வரத்தை ஏந்தி எடுப்பதும் இதே உதட்டு வேலைதான். பலர் தவறுவது மூச்சில்: தாடை இறங்கும்போது காற்றும் குறைந்துவிடும், நாதம் மெலிந்துவிடும். வயிற்றுக் காற்று அப்படியே நிற்கட்டும். வாயில் வைக்கும் மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதினால், கத்ரி வாசித்த ஆல்டோ வகை சாக்ஸில் ஏறக்குறைய 6 கட்டை கேட்கும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்). அதிலிருந்து உதட்டாலேயே படிப்படியாக இறங்கி ஏறுங்கள், தினம் ஐந்து நிமிஷம்.

அடுத்தது சுருதி. ஆல்டோவில் மேற்கத்திய 'சி' ஸ்வரத்துக்கான விரலை ஷட்ஜமாக (ஸ) வைத்தால் 2½ கட்டை. நடு ஸ்தாயியில் அந்த சி-க்கு ஒரே விரல். அடுத்த சதுச்ருதி ரிஷபத்துக்கு ஆறு விரலும் ஆக்டேவ் கீயும் ஒன்றாக விழவேண்டும். ஷட்ஜத்துக்குப் பக்கத்திலேயே இந்த முறிவு, அதாவது ஒரு விரலிலிருந்து எல்லா விரலுக்கும் தாவுவது, வந்தால் ராகம் உடைந்துபோகும். ஜி விரலை ஷட்ஜமாக்கினால் 6½ கட்டை. முறிவு மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே போய்விடும். பஞ்சமம் அசையாத ஸ்வரம் என்பதால் தாங்கும். சங்கராபரண ராகத்தின் மத்யமம் மட்டும், பஞ்சமத்தைத் தொட்டு அசைவதால், படுத்தும், அதைத் தனியாகச் சாதகம் செய்யவேண்டும். மந்த்ர (கீழ்) ஸ்தாயி சாதாரண காந்தாரத்திலிருந்து தார (மேல்) ஸ்தாயி கைசிகி நிஷாதம் வரை இடமும் கிடைக்கிறது.

மவுத்பீஸில் பொருத்தும் நாணல் பட்டையான ரீடு 2 அல்லது 2½ எண் போதும். அதைவிடக் கெட்டியானது உதட்டுக்கு வளையாது. இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீரில் ஊறட்டும். குடியாத்தம் சிரசுத் திருவிழா சமயத்து வெயிலில் நுனி சீக்கிரம் காய்ந்து அலைபோல நெளியும். கிறீச்சென்று கத்துவது அதனால்தான். நனைத்து, கண்ணாடிமேல் தட்டையாக அழுத்திவைத்தால் சரியாகும். வெயிலில் சாக்ஸ் சூடானால் சுருதியும் ஏறும். மவுத்பீஸை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துச் சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பாருங்கள்.

ஐப்பசி மழையில் தொந்தரவு வேறு மாதிரி. மூடிகளின் அடியில் இருப்பது மெல்லிய தோல் பேடு (மெத்தை). தோல் தொழில் ஊர்களான ராணிப்பேட்டை, வாணியம்பாடிக்காரர்களுக்குத் தோல் ஈரத்தில் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டாம். ஜி ஷார்ப் மூடி எப்போதும் மூடியே இருப்பதால் முதலில் ஒட்டுவது அதுதான். கீயை அழுத்தினாலும் திறக்காமல் ஜி-யே கேட்கும். மை இல்லாத மெல்லிய தாளை இடையில் வைத்து, லேசாக மூடி, ஈரத்தை உறிஞ்சவிட்டு எடுங்கள். அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால் தோல் கிழியும். பவுடர் போடவே கூடாது, ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். டீ குடித்த வாயைக் கொப்பளிக்காமல் ஊதினால் சர்க்கரையே ஒட்டவைக்கும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு இழுத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கேட்பதற்கு ஒன்று சொல்லவேண்டுமானால், ஜாஸ் சாக்ஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவோடு கத்ரி சேர்ந்து வாசித்து 2008ல் வெளிவந்த 'கின்ஸ்மென்' ஆல்பம். இரண்டு பேரும் ஆல்டோ. ஒருவர் ஜாஸ், ஒருவர் கர்நாடகம். ஹெட்போனில் கேளுங்கள். எந்த சாக்ஸ் யாருடையது என்பதை, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு அது எப்படிப் போகிறது என்பதைக் கவனித்தே கண்டுபிடித்துவிடலாம்.