கொலுவில் வைத்த சிவப்பு இலை

எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டி. பலாப்பழம், முந்திரி, கொலு பொம்மை மூன்றுக்கும் பேர்போன ஊர். இதில் பின்னால் சொன்ன இரண்டும் கூட்டுச் சேர்ந்து, கலிபோர்னியா வரைக்கும் தேடி வந்து என்னை ஒரு கை பார்க்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கொலு என் மனைவி வீட்டு வழக்கம். படி கட்டுவது, கலசம் வைப்பது, சுண்டல் எல்லாம் அவள் இலாகா. எனக்கு ஒதுக்கப்பட்டது படிக்குக் கீழே தரையில் போடும் பார்க் மட்டும். அதிலும் இரண்டு வருஷத்துக்கு முன் மானம் போயிற்று. கடையில் வாங்கி விரித்த பிளாஸ்டிக் புல்லைப் பார்த்து, வந்த மாமி ஒருவர் "கால்மிதி புதுசா?" என்று கேட்டுவிட்டார். போன வருஷம் ராமர் வனவாசம் செட். வனம் என்றால் நிஜ வனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

குபெர்டினோ பக்கம் ரான்சோ சான் அன்டோனியோ என்று ஒரு பூங்கா இருக்கிறது. பேர்தான் பூங்கா, உள்ளே போனால் மலையும் காடும். சனிக்கிழமை காலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நடப்பவர்களில் பாதிப் பேர் தமிழிலோ தெலுங்கிலோ வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். நானும் மகளும் அப்படித்தான் போனோம். ஒரு வளைவில் அந்தச் செடி நின்றது.

அதன் அழகைச் சொல்லியாக வேண்டும். ஒரு காம்புக்கு மூன்று இலை. நடு இலைக்கு மட்டும் கொஞ்சம் நீளமான காம்பு, மற்ற இரண்டும் அதன் இரண்டு தோளிலும் உட்கார்ந்த மாதிரி. ஓரம் அலை அலையாக இருந்தது. மேலே எண்ணெய் தடவித் துடைத்தாற்போல ஒரு மினுமினுப்பு. நிறமோ குங்குமச் சிவப்பு. சுற்றியிருந்த புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலாகக் கிடக்க, இது மட்டும் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. இத்தனை பேர் நடக்கிற பாதையில் ஒருவர்கூட இதைத் தொடவில்லையே, இந்த ஊர்க்காரர்களுக்கு ரசனை கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு கிளை ஒடித்தேன். வெறுங்கையால்தான். கட்டாகச் சேர்த்து, நாற்று முடி தூக்குவது போல முழங்கையில் அணைத்துக்கொண்டு கார் வரைக்கும் நடந்தேன். வழியில் வியர்வையை இரண்டு தடவை துடைத்தேன். எதிரே வந்த ஓர் அமெரிக்கத் தம்பதி என்னைப் பார்த்ததும் பாதையை விட்டு நன்றாக ஒதுங்கி நின்றார்கள். எவ்வளவு மரியாதை என்று நானும் தலையசைத்துவிட்டு வந்தேன். (பூங்காவில் செடி கொடி பறிக்கக் கூடாது என்று விதி உண்டு. அதற்கான அபராதத்தை அந்தச் செடியே வசூலித்துக்கொண்டது.)

பார்க் அமோகமாக வந்தது. சிவந்த காட்டுக்கு நடுவே ராமர், சீதை, லட்சுமணர். ஓரத்தில் மாயமான். மனைவியே "பரவாயில்லையே" என்றாள். பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் இது பெரிய வார்த்தை.

ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கட்கிழமை மதியம் முழங்கைக்கு உள்பக்கம் லேசாக அரித்தது. கொசு என்று விட்டுவிட்டேன். ராத்திரிக்குள் கோடு போட்ட மாதிரி சிவப்பாகத் தடித்தது. விடிந்து கண்ணாடியில் பார்த்தால் வலது இமை வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது, நெற்றியில் பொடிப்பொடியாகக் கொப்புளம். அலுவலகக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு "இணையம் சரியில்லை" என்றேன். பேசுகிற இணையம் படம் காட்டாதா என்று யாரும் கேட்கவில்லை, நல்லவர்கள்.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம். கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் பக்கத்து வீட்டு நண்பர். மனைவி, புது சலவை சோப் என்றாள். ஊரிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "டேய், இது அக்கிடா. காவி வெச்சு அக்கி எழுதணும். அங்க மண்பாண்டம் செய்யறவங்க யாராவது இருந்தா கேளு" என்றார். சிலிக்கான் பள்ளத்தாக்கில் அக்கி எழுதுபவரை எந்தச் செயலியில் தேடுவது?

இரண்டாவது தடவை கையைக் கேமராவுக்குக் கிட்டே காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"முந்திரிக்கொட்டைப் பால் பட்ட மாதிரியில்ல இருக்கு? கொட்டை உடைச்சியா?"

"அம்மா, இங்க முந்திரி பாக்கெட்ல வரும். உடைக்க ஒண்ணும் இல்ல" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புதன் மாலை எதிர்வீட்டு அம்மையாரைக் கொலுவுக்கு அழைத்திருந்தோம். ஓய்வுபெற்றவர், நாயோடு மலையேறுபவர். சிரித்த முகமாக உள்ளே வந்தார். படிகளைப் பார்த்து "அழகு" என்றார். பார்வை கீழே இறங்கியது. அப்படியே சிலையானார். பிறகு என் இமையைப் பார்த்தார். மறுபடியும் வனத்தைப் பார்த்தார்.

"பாய்ஸன் ஓக்" என்றார், கோயிலில் பேசுகிற குரலில். "இதை நீங்களா வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள்?"

பேரில் ஓக் இருந்தாலும் ஓக் மரத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. இலையிலும் தண்டிலும் உருஷியால் என்று ஓர் எண்ணெய்ப்பால், தோலில் பட்டால் அரித்துக் கொப்புளிக்கும். இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றாலும் அது இருக்கும், செடி செத்துக் காய்ந்தாலும் இருக்கும். துணி, செருப்பு, கார் ஸ்டியரிங், நாயின் ரோமம் எங்கே ஒட்டினாலும் அங்கேயே தங்கி, தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். நம் ஊர் செந்தட்டி நேர்மையானது. பட்ட நொடியே சுரீரென்று சொல்லிவிடும். இது ஒன்றிரண்டு நாள் கழித்து, எங்கே பட்டோம் என்பதே மறந்தபிறகு வரும். இன்னொரு வேடிக்கை, ஆடும் மானும் இதை ஆசையாகத் தின்னும். ஆடு தொடாத ஆடாதோடையை நாம் கஷாயம் வைத்துக் குடிக்கிறோம், ஆடு தின்கிற இதை நாம் தொடக்கூடாது.

அம்மையாரே கையுறை மேல் கையுறை மாட்டி, வனத்தை இரண்டு குப்பைப் பைக்குள் கட்டினார். எரித்துவிடலாமா என்று கேட்டேன். கத்தினார். புகையோடு அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாம்.

மறுநாள் டாக்டர் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாம்பழத் தோல் ஒத்துக்கொள்ளுமா?" சின்ன வயதில் மாங்காய்ப் பால் பட்டு உதடெல்லாம் புண்ணானது நினைவுக்கு வந்தது. மா, முந்திரி, பாய்ஸன் ஓக், துணிக்குக் குறி போடுவார்களே அந்தச் சேங்கொட்டை, எல்லாம் ஒரே குடும்பமாம். முந்திரி ஓட்டுப் பாலில் இருப்பதும் உருஷியாலுக்கு நெருங்கிய சொந்தம். எங்கள் பக்கத்தில் கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பல் தடவிக்கொண்டு உட்காருவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் மைல் தள்ளியிருந்து, விரிசல் விட்ட போன் திரையில் அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

பட்ட சில நிமிடங்களுக்குள் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் துணியால் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தால் பெரும்பாலும் தப்பியிருப்பேனாம். இங்கே டெக்னு என்று ஒரு கழுவு திரவமும் கிடைக்கிறது. 1960களில் அணுகுண்டுக் கதிர்வீச்சுத் தூசியைத் தோலிலிருந்து அகற்றக் கண்டுபிடித்ததாம். நான் கழுவ வேண்டியதும் கிட்டத்தட்ட அந்த அளவு ஆபத்துதான். ஆனால் ஐந்து நாள் தாமதமாகிவிட்டது. முகத்தில் வந்துவிட்டதால் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார், படிப்படியாகக் குறைத்து இரண்டு வாரத்துக்கு மேல். அரிப்பு நின்றதென்று பாதியில் விட்டால் திரும்பி வருமாம். அந்த மாத்திரை பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, கையெல்லாம் அரிப்புக்கான கேலமைன் பூசிய இளஞ்சிவப்பு உருவமாக, குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்று பட்டாணிச் சுண்டல் தின்ற என்னைப் பார்த்து மகள் அலறிவிட்டாள்.

கொப்புளத்து நீர் பட்டால் அடுத்தவருக்கு ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். மனைவியிடம் சொன்னேன். "இருக்கட்டும்" என்று என் தட்டைத் தனியாக வைத்தாள்.

மிச்சமிருந்தது இரண்டு வேலை. ஒன்று, பொம்மைகளைத் துடைப்பது. மண் பொம்மைச் சாயம் சோப்புத் தண்ணீரைத் தாங்காது. கையுறையோடு ஸ்பிரிட் தொட்டு மெல்லத் துடைத்தும், ராமருக்கு முழங்காலுக்குக் கீழே நீலம் போய்ச் செம்மண் தெரிந்தது. பதினான்கு வருஷம் நடந்த கால் அல்லவா என்று சமாதானம் செய்துகொண்டோம்.

இரண்டாவது வேலைதான் கஷ்டம். செவ்வாய்க்கிழமை வந்த ஒரு பெரியவர், "நிஜ இலையா?" என்று நம்பாமல் இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்திருந்தார். தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீண்ட மௌனம். "எனக்கு விரலில் மட்டும் இல்லை தம்பி" என்றார். மேற்கொண்டு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருஷமும் அதே பாதையில்தான் நடக்கிறோம், முழுக்கைச் சட்டையோடு. போன வாரம் அந்த வளைவில் ஒரு சிறுவன் செக்கச்செவேலென்ற கிளைக்குக் கையை நீட்டினான். என்னை அறியாமல் "டேய், தொடாதே!" என்று தமிழில் கத்திவிட்டேன். அவன் சீன வீட்டுப் பிள்ளை, திரும்பக்கூட இல்லை. அவன் அம்மாவே பிடித்து இழுத்துக்கொண்டார். முன்னால் போய்க்கொண்டிருந்த மூன்று குடும்பத்து ஆண்கள்தான் ஒரே நேரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.