தயிர் டப்பாவில் ஓர் ஆத்தங்குடி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு அது முடிந்ததே இல்லை. போன வருஷம் வாங்கி வந்தது, கைப்பிடி உடைந்த நீலக்கரை எனாமல் குவளை. அதில் எலுமிச்சை அளவு உருண்டைக் கள்ளி ஒன்றை நட்டு முற்றத்துத் தூணோரம் வைத்தேன். அவ்வளவு அழகு. அடியில் ஓட்டை போட மனசு வரவில்லை. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. பத்தே நாள்தான், தொட்டுப் பார்த்தால் கூழ்.

சரி, ஓட்டையோடு நாமே ஒரு தொட்டி செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது, பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடியில். வீட்டுத் தரையில் உடைந்த இரண்டு கல்லுக்கு ஜோடி தேடிப் போயிருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கி, சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, மேலே கலவை போட்டு அழுத்துகிறார்கள். சூளை இல்லை. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இறங்கிவிடுகிறது. பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறல். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த வேலை, அன்றுதான் உட்கார்ந்து கவனித்தேன்.

கண்ணாடிதானே என்று வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கலவையை ஊற்றினேன். தொட்டியை வெளியே எடுக்க டம்ளரை உடைக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் என்ன பளபளப்பு!

இப்போது தயிர் டப்பாதான். பிளாஸ்டிக்கும் அதே வழவழப்பைத் தருகிறது, கத்தரிக்கோலால் வெட்டி உரித்துவிடலாம். அடியில் துளையிட்டு ஜூஸ் உறிஞ்சும் குழாயில் ஒரு துண்டைச் செருகிவிடுவேன், வடிகால் ஓட்டைக்கு. வெள்ளைச் சிமெண்டில் ஆக்சைடு பவுடர் குழைத்து டப்பாவின் உள்பக்கம் பூசுவது முதல் வேலை. கலர் தூக்கலாக வேண்டும் என்று பவுடரை அள்ளிப் போடாதீர்கள். சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வலு போய்விடும். பூச்சு லேசாக இழுத்ததும் ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு சலித்த மணல், இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கலந்து போட்டு, நடுவில் தேங்காயெண்ணெய் தடவிய சின்ன டப்பாவைக் குழாய்த் துண்டின் மேல் உட்காரும்படி அழுத்தி, அது மிதந்து வராமல் உள்ளே கூழாங்கல் போட வேண்டும். ஆத்தங்குடிக் கல் போலவே முகத்துக்கு வண்ணம், முதுகுக்குக் கலவை.

முதல் ஐந்து தொட்டியும் விரிசல் விட்டுப் போயின. சித்திரை வெயிலில் நன்றாகக் காயட்டும் என்று மொட்டை மாடியில் அடுக்கியிருந்தேன். ஓடு மாற்ற வந்த கொத்தனார் பார்த்துவிட்டுச் சிரித்தார். “வெயில்ல வச்சா காயும் ஆச்சி, இறுகாது.” சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும், அதற்குள் ஈரத்தை வெயில் குடித்துவிட்டால் விரிசல். அதனால் ஒரு நாள் ஈரச்சாக்குக்குள், டப்பாவை உரித்தபின் ஏழு நாள் வாளித் தண்ணீரில். அதற்கும் மேலே இரண்டு வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்கிறேன். புதுச் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புக் காரம் செடியின் வேருக்கு ஆகாது.

மண்ணைப் பற்றி ஒன்று. எங்கள் செம்மண்ணை அப்படியே போட்டால் நனைந்து காய்ந்து கல்லாகிவிடும். ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு பெருமணலும் செங்கல் பொடிசும், கொஞ்சம் அடுப்புக்கரி. நட்ட ஒரு வாரம் தண்ணீர் காட்டுவதில்லை, அறுந்த வேர் ஆற வேண்டும். அப்புறம் விளக்குமாற்று ஈர்க்குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பேன்; மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர். முயல்காதுக் கள்ளியை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத முள்ளை செல்லோடேப் ஒட்டி ஒட்டிப் பிய்த்தெடுத்தேன், ஒரு சாயங்காலம் முழுக்க.

மாமியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “முள்ளுச் செடிய வீட்டுக்குள்ள வைக்காதத்தா.”

“நம்ம வாசல்ல திருஷ்டிக்குத் தலைகீழாத் தொங்குதே, அந்தக் கத்தாழைக்கும் முள் இருக்கே அயித்த” என்றேன். மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்குகிறது அது. நான் கள்ளிக்கு அள்ளி அள்ளி ஊற்றியிருந்தேன்! மாமியார் பதில் சொல்லவில்லை. முகப்பில் வேண்டாம், இரண்டாங்கட்டில் வைத்துக்கொள் என்று அனுமதி கிடைத்தது.

இப்போது பதினாலு தொட்டி இருக்கிறது. சிலதைக் கொட்டானுக்குள், அதாவது பனையோலைக் கூடைக்குள், இறக்கி வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஓலை பூஞ்சை பிடிக்கும். அதைப் பார்த்த நாத்தனார், மகள் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்க ஐம்பது வேண்டும் என்றார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. வாளியிலேயே மூன்று வாரம் கிடக்க வேண்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். “சிமெண்டுதானே, வெயில்ல வச்சாக் காயாதா?” என்று கேட்டார்.