பயம் வராத நாட்கள்

பாதாமியில் எனக்கு இது எட்டாவது சீசன். நமக்கெல்லாம் வாதாபி என்றால் சட்டென்று புரியும். அக்டோபரில் தொடங்கி வெயில் ஏறும் மார்ச் வரை, அகத்திய தீர்த்தத்தைச் சுற்றி நிற்கும் செம்மணற்பாறைகளில் பள்ளிப் பிள்ளைகளையும் பெங்களூர் ஐடி ஆட்களையும் கயிறு கட்டி ஏற்றி இறக்குவதுதான் வேலை.

பயத்தைப் பற்றித் தினமும் பேசுவோம். ஆனால் பிள்ளைகளின் பயத்தை மட்டும். பாதி உயரத்தில் ஒரு பையனின் கால் தையல் மெஷின் மாதிரி வெடவெடவென்று ஆடும். “குதிகாலை இறக்கு, மூச்சை விடு” என்று கீழேயிருந்து சொல்வோம், ஆட்டம் அடங்கிவிடும். அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தனக்கு என்ன ஆகிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. பேச்சு நின்றுபோய், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற பிள்ளையைத்தான் உடனே கீழே இறக்குவேன்.

2022 ஜூலையில் என் கயிற்றுத் துணை இமாசலத்தில் கல் விழுந்து இறந்துபோனான். ஆறு வருடம் அவன் பிடித்த கயிற்றில் நான் ஏறினேன், நான் பிடித்த கயிற்றில் அவன் ஏறினான். அன்று நான் ஊரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். துக்கத்துக்குப் போனபோது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயாவது பத்திரமா இருப்பா” என்றார். எனக்கு வாய் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பெங்களூரில் ஒரு செயற்கைச் சுவரில் வகுப்பெடுத்தேன். எங்களுக்கு நாள் சம்பளம். மனசு சரியில்லை என்று வீட்டில் இருந்தால் அன்றைக்குக் காசு கிடையாது.

அக்டோபர் 4 அன்று உத்தரகாசிப் பக்கம் திரௌபதி கா டண்டாவில் பனிச்சரிவு. நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு சிக்கிக்கொண்டது. 27 பேரின் உடல்களை மீட்டார்கள். அவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே வருடம் மே மாதம் 16 நாட்களில் எவரெஸ்ட், மகாலு இரண்டையும் ஏறியவர். செய்தியைப் படித்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. போனை வைத்துவிட்டுக் கயிறு சுற்றப் போனேன்.

முன்பெல்லாம் லீட் ஏறும்போது, அதாவது மேலிருந்து கயிறு இல்லாமல், பாறையில் அடித்த போல்ட்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறும்போது, கடைசி போல்ட் காலுக்குக் கீழே போனதும் அடிவயிறு கவ்வும். அந்த சீசனில் கவ்வவில்லை. கூட இருந்தவர்கள் “செம ஃபார்ம்” என்றார்கள். நானும் நம்பினேன். துக்கத்தில் ஆள் அழுவான், நடுங்குவான் என்றுதான் நினைத்திருந்தேன். மரத்துப்போவான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நவம்பரில் ஒரு பள்ளி முகாம். மேலே கயிறு போட நான் ஏறத் தயாரானேன். ஏறுவதற்கு முன் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்க்க வேண்டும் என்று அன்று காலைதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை அப்படியே செய்தாள். “அண்ணா, உங்க முடிச்சு பாதிதான் இருக்கு.”

8 வடிவ முடிச்சைப் போட்டு, நுனியை இடுப்பில் கட்டும் ஹார்னஸில் நுழைத்தவன், திருப்பிப் பின்னாமல் விட்டிருக்கிறேன். 1989இல் தெற்கு பிரான்ஸில் லின் ஹில் இப்படித்தான் முடிச்சை முடிக்காமல் ஏறினார். உச்சியில் கயிற்றை நம்பிச் சாய்ந்து 70 அடிக்கு மேல் விழுந்தார். மரம் தாங்கியதால் பிழைத்தார். உலகின் முதல் வரிசைப் பாறையேறிகளில் ஒருவர். அந்தக் கதையை நான் எல்லா முகாமிலும் சொல்வேன். அன்று காலையும் சொன்னேன்.

அப்புறம் கால் நடுங்க ஆரம்பித்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு வந்த நடுக்கம். பிள்ளைகள் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அந்த வாரமே 14416க்கு அழைத்தேன். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். அக்டோபர் 10ஆம் தேதிதான் தொடங்கியிருந்தார்கள். தமிழில் பேச ஆள் கிடைத்தார். முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், அப்புறம் சாப்பாடு. அவன் பெயரைக் கேட்டபோதுதான் உடைந்தேன். ஜூலைக்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அமெரிக்கக் கடற்படையில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பிரித்துப் பார்க்கும் முறை உண்டு. அங்கே மலை மீட்புக் குழுக்களும் வழிகாட்டிகளும் அதை எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம். காலையில் கயிற்றுப் பையைத் தூக்குவதற்கு முன் ஆளாளுக்கு ஒரு நிறம் சொல்வோம். ஆரஞ்சு என்றால் அன்று பிலே இல்லை, அதாவது ஏறுகிறவருக்குக் கயிறு பிடிக்கிற வேலை இல்லை, லீட்டும் இல்லை. ஆனால் சம்பளம் உண்டு. இதற்காக நான் நிறையச் சண்டை போட்டேன். சம்பளம் போகும் என்றால் எல்லாரும் பச்சை என்றுதான் சொல்வார்கள்.

போன வாரம் எங்களில் சின்னவன் ஆரஞ்சு என்றான். ஏன் என்று கேட்கவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு வெங்காயம் உரித்தான். ராத்திரி குளத்துப் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அண்ணா, அன்னைக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டான்.

சொன்னேன்.