ரெண்டு தண்டவாளமும் எங்க சந்திக்குது?

யாழ்ப்பாணம் ஸ்டேசன் பிளாட்போமில நிண்டு பாத்தா ரெண்டு தண்டவாளமும் தூரத்தில ஒண்டாப் போய் முட்டும், ஆனா சமாந்தரக் கோடுகள் ஒருநாளும் சந்திக்காது எண்டுதான் பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பம். அது கண்ணின்ர மயக்கம் எண்டு விட்டிடுறதுதான் எனக்குப் பிடிக்காத விசயம், ஏனெண்டா அந்தப் பார்வைக்கெண்டே ஒரு முழுக் கேத்திர கணிதம் இருக்கு, புரொஜெக்டிவ் ஜியோமெட்ரி எண்டு பேர்.

இத்தாலியில ஓவியம் கீறின ஆக்களுக்கு இது முதலே தெரியும், அல்பேர்ட்டி 1435 இலயே இதுக்கு முறை எழுதி வச்சிட்டார். கணக்கா மாத்தினது பிரான்ஸ்காரர் டெசார்க், 1639 இல. அவர் சொன்னது, சமாந்தரக் கோடுகளும் சந்திக்கும், முடிவிலியில ஒரு புள்ளியில. ஒவ்வொரு திசைக்கும் ஒரு புள்ளி, நிலத்தில இருக்கிற எல்லாத் திசையின்ர புள்ளியையும் சேத்தா ஒரே கோடு, அதுதான் நாங்க பாக்கிற அடிவானம்.

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரப் பக்கம் நிலமும் தண்ணியும் மட்டமா இருக்கிறதால இது வடிவா விளங்கும். உங்கட உயரம் உள்ள ஆக்கள் கிட்ட நிண்டாலும் தூர நிண்டாலும் அவையின்ர கண் அடிவான மட்டத்திலதான் இருக்கும், கால் மட்டும் தூரம் போகப்போக மேல ஏறும். குந்தி இருந்து பாருங்கோ, அடிவானமும் உங்களோட இறங்கும்.

சரி, சரிஞ்சு பாக்கேக்க நீளம் மாறுது, கோணம் மாறுது, கிணத்துக்கட்டு வட்டம் நீள்வட்டமாகுது, அப்ப மாறாதது என்ன? நேர் ரோட்டில சம இடைவெளியில நாலு போஸ்ட், முதல் போஸ்ட்டும் உங்களிட்ட இருந்து அதே தூரத்தில எண்டு வையுங்கோ. கமராவ மட்டமாப் பிடிச்சு எடுத்த படத்தில முதல் போஸ்ட்டின்ர அடி அடிவானத்துக்குக் கீழ 12 சென்ரிமீற்றர் எண்டா மற்றதுகள் 6, 4, 3. இடைவெளி 6, 2, 1 எண்டு சுருங்கிப் போச்சு. இப்ப ஒண்டுக்கும் மூண்டுக்கும் இடையில 8, ரெண்டுக்கும் மூண்டுக்கும் 2, வகுத்தா 4. ஒண்டுக்கும் நாலுக்கும் 9, ரெண்டுக்கும் நாலுக்கும் 3, வகுத்தா 3. அந்த ரெண்டு விடையையும் வகுத்தா 4/3. ரோட்டில இறங்கி டேப் பிடிச்சு அளந்து இதே கணக்கச் செய்யுங்கோ, ஒரு இடைவெளிய 1 எண்டு வச்சா 2/1 ஐ 3/2 ஆல, அதாவது 2 ஐ 1.5 ஆல வகுக்க வரும், அதுவும் 4/3! எந்தப் பக்கத்தால நிண்டு படம் எடுத்தாலும் இதேதான். எனக்கு இதவிட வடிவான விசயம் கணக்கில கனக்க இல்ல.

பொன்சலே எண்ட பிரெஞ்சுக்காரர் 1812 இல நெப்போலியன்ர படையோட ரஷ்யாவுக்குப் போய்ப் பிடிபட்டு, சரத்தோவில கைதியா கையில புத்தகம் ஒண்டும் இல்லாம இருந்துதான் இந்தக் கணிதத்தத் திரும்பக் கட்டத் தொடங்கினவர், புத்தகமா வந்தது 1822 இல.

ஏஎல் (உயர்தரம்) கம்பைன்ட் மெத்ஸ் (இணைந்த கணிதம்) படிக்கிற பிள்ளையளுக்கு ஆரும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி இதச் சொல்லிக் குடுக்கோணும். அவை போனில ரியூட் (வகுப்பில தாற பயிற்சித் தாள்) ஸ்கான் பண்ணேக்க சரிவா எடுத்த பேப்பர நேராக்கித் தாறதும் இந்தக் கணக்குத்தான், நாலு மூலையும் எங்க எண்டு பிடிச்சாக் காணும், மிச்சப் புள்ளியெல்லாம் எங்க போய் இருக்கோணும் எண்டது அதிலயே தீர்ந்திடும்.