கம்பு–நேப்பியர் ஒட்டுப்புல்லில் குரோமோசோம் இணைவு: பிராக்டிகலுக்கும் தியரிக்கும்

தேர்வுத்தாளில் கோதுமையையும் ரை என்ற தானியப் பயிரையும் கலந்த கோதுமை–ரை கலப்பினம்தான் கேட்பார்கள். வடசென்னையில் கோதுமைக் கதிருக்கு எங்கே போவது? மாதவரம், புழல் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் கம்பு–நேப்பியர் ஒட்டுப்புல் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல செடி கிடையாது. தீவனத்துக்கு 45 நாளுக்கொருமுறை அறுத்துவிடுவதால் ஒரு தூரை மட்டும் அறுக்காமல் விடச் சொல்லுங்கள்.

கதிர் இலையுறைக்குள் இருக்கும்போதே, காலையில் எடுக்க வேண்டும்; குரோமோசோம்கள் ஜோடி சேரும் மியாசிஸ் (குன்றல் பிரிவு) அப்போதுதான் நடக்கும். வெளியே தலைநீட்டிய கதிரில் பெரும்பாலும் மகரந்தத்தூள்தான் மிஞ்சியிருக்கும். எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 1 பங்கு; செடிப் பக்கத்திலேயே கலந்து கதிரை உடனே அதில் போடுங்கள். பஸ்ஸில் வாடவிட்டு லேபுக்குக் கொண்டுபோனால் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ணவே முடியாது. 24 மணி நேரம் கழித்து 70% ஆல்கஹாலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு பூவில் 3 மகரந்தப்பைகள். ஒன்றை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கி, மெட்டாஃபேஸ் 1 (ஜோடிகள் செல்லின் நடுத்தளத்தில் நிற்கும் கட்டம்) தெரிந்தால் மற்ற இரண்டையும் நல்ல ஸ்லைடாகப் போடுங்கள்.

கம்பில் 14 குரோமோசோம் (ஏஏ), நேப்பியரில் 28 (ஏ'ஏ'பிபி), இரண்டிலும் பாதி பெற்ற ஒட்டுப்புல்லில் 21 (ஏஏ'பி). ஒவ்வொரு எழுத்தும் 7 குரோமோசோம் கொண்ட ஒரு தொகுதி, அதாவது ஜீனோம். ஏ-யும் ஏ'-உம் ஜோடி சேரும், பி தனித்து நிற்கும். அதனால் அதிகம் தென்படுவது 7 பைவேலண்ட் (ஜோடி சேர்ந்தவை), 7 யூனிவேலண்ட் (தனித்து நிற்பவை). கம்பின் குரோமோசோம் பெரிது, நேப்பியருடையது சிறிது. ரெக்கார்டில் பைவேலண்டின் இரு பாதியையும் சமமாக வரைந்தால், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்து வரையவில்லை என்று தெரிந்துவிடும்.

கூட்டுத்தொகை 21 வந்துவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் இரண்டு யூனிவேலண்டை ஒரு பைவேலண்டாக எண்ணினாலும் 21தான் வரும். இடத்தைப் பாருங்கள்: கோல் வடிவ பைவேலண்ட் நடுத்தளத்தில், இரு துருவத்துக்கும் இழுபட்டு நிற்கும், யூனிவேலண்ட் தளத்தை விட்டு விலகி எங்காவது கிடக்கும்.

அந்த 7 யூனிவேலண்டும் தற்செயலாகப் பிரிவதாகக் கொண்டால், ஒன்றுகூட இல்லாத கேமீட் (பாலணு) உருவாக வாய்ப்பு 1/128. ஏழும் சேர்ந்த கேமீட்டுக்கும் அதே 1/128. மற்றவை சமநிலை கெட்டவை. உண்மையில் பல யூனிவேலண்டுகள் பின்தங்கித் தொலைந்தும் போகும். விதை பிடிக்காததால்தான் இந்தப் புல்லைக் கரணை வைத்து நடுகிறார்கள்.

தியரியில் "ஒற்றைப்படை எண், அதனால் மலடு" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கோதுமை–ரை கலப்பினத்தில் 28, இரட்டைப்படை, அதுவும் மலடுதான். கோதுமையின் ஏ, பி, டி மூன்றும் (நேப்பியரின் எழுத்துகளோடு குழப்பாதீர்கள்) உறவுள்ள ஜீனோம்கள். ஆனாலும் 5பி குரோமோசோமின் நீண்ட கையிலுள்ள பிஎச்1 என்ற ஜீன் அவற்றை இணையவிடாது; பெரும்பாலும் 28 யூனிவேலண்டாகவே நிற்கும். கோதுமையில் இந்த இணைவை 5பி கட்டுப்படுத்துகிறது என்று ரைலியும் சாப்மனும் 1958இல் காட்டினார்கள். குரோமோசோமை இரட்டிப்பாக்கும் கால்ச்சிசின் என்ற மருந்தால் 56 ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்து, எட்டுமய (எட்டு தொகுதி கொண்ட) டிரிட்டிகேல் என்ற கோதுமை–ரை பயிர் வருகிறது. இதையும் சேர்த்து எழுதுங்கள்.